அத்தை ஏற்றாமல் வைத்திருந்த அகல்

இரண்டு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை தீபத்தன்று, திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் கண்ணும் கலங்கிவிடும்.

அந்த வருடம் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து கீழ் அறையில் படுத்திருந்தார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே? அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுவிட்டு இருட்டில் காத்திருப்போம். மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் தீக்குச்சி கிழிப்போம். எங்கள் மாடியிலிருந்து மலை நேராகத் தெரியும். கீழ் அறை ஜன்னலிலோ பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்.

"டிவியில காட்டுவாங்கம்மா" என்றார் என் கணவர்.

"அது ஊருக்கே காட்டுறது. நம்ம வூட்டு மாடிலேர்ந்து நம்ம கண்ணு பாக்கணும்டா. இந்த வருசம் எனக்கு தீபம் இல்ல, அவ்ளோதான்" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அத்தை, நான் மாடியில நின்னு பாக்குறேன். பாத்ததும் உங்க ரூம்ல ஒரு வெளக்கு எரியும். போதுமா?"

"நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான். ஆனா எரியுமாடி?"

வாக்குக் கொடுத்தாகிவிட்டது! மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, யூடியூப் பார்த்து எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. வைஃபையில் இணைகிற ஒரு குட்டி போர்டை வரவழைத்தேன். தீப்பெட்டி அளவுதான். அதில் ஒரு சின்ன பல்பை மாட்டிவிட்டால், போனில் தட்டினால் இங்கே எரியும். சொல்வது சுலபம். கம்ப்யூட்டரில் செருகினால் போர்டில் லைட் எரிந்தது. கம்ப்யூட்டரோ அப்படி ஒன்று வந்ததாகவே காட்டவில்லை. அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், நான் செருகியது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒயர். கரண்ட் போகும், தகவல் போகாது.

"உன் மாமனார் மாதிரின்னு சொல்லு. சம்பளத்த குடுத்துடுவாரு, வாயத் தொறக்க மாட்டாரு" என்றார் அத்தை. விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

வேறு ஒயர் போட்டு, வைஃபை பாஸ்வேர்டையும் கொடுத்து, மாடிக்குப் போய்த் தட்டிப் பார்த்தேன். "எரியுதுடியோவ்!" என்று அத்தை போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

தீபத்தன்று கணவர் கிரிவலம் போய்விட்டார். அத்தைக்குப் புதுப்புடவை கட்டி, தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்து ஸ்டூலில் அகலையும் தீப்பெட்டியையும் வைத்துவிட்டு மாடியேறினேன்.

ஆறு மணிக்கு உச்சியில் ஜோதி தெரிந்தது. மாடிக்கு மாடி "அரோகரா!" என்று சத்தம். ஒரே வெடி. கன்னத்தில் போட்டுக்கொண்டு போனைத் தட்டினேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. தீபத்துக்கு வருகிற கூட்டத்தில் டவர் திணறும், போன் கிடைக்காது என்றுதானே வைஃபையை நம்பினேன்? எங்கள் வைஃபை பெட்டி ஓடுவதே அதே டவரின் சிம்மில்! மாடியிலிருந்து கீழ் அறைக்குப் போகிற சேதி இன்டர்நெட்டைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்துவைத்த மரமண்டை நான்.

படியில் விழாத குறையாக இறங்கி ஓடினேன். தெரு முழுக்க அகல் எரிந்தது. எங்கள் கீழ் அறை மட்டும் இருட்டு.

"இன்னும் ஏத்தலையா அத்தை? மலையில ஏத்தியாச்சே, சத்தம் கேக்கலையா?"

"கேட்டுதுடி. உன் வெளக்கு எரியலையே. நீ இன்னும் பாக்கலையோன்னு இருந்துட்டேன்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பல்பின் ஒயரை உருவி, போர்டில் எப்போதும் கரண்ட் வருகிற முனையில் செருகினேன். எரிந்தது. வைஃபையாவது ஒன்றாவது, கையால் செருகியதுதான். அத்தையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"நல்லா தெரிஞ்சுதா?"

"பளிச்சுனு தெரிஞ்சுது அத்தை."

அரிசி அளவு வெளிச்சத்தைப் பார்த்துக் கைகூப்பி, "அண்ணாமலையாரே" என்று கண்ணை மூடினார். பிறகுதான் தீக்குச்சியைக் கிழித்தார்.

இப்போது அந்த போர்டு இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்கிற மாதிரி மாற்றிவிட்டேன். ஆனால் அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது. போன தீபத்துக்கு அத்தை தடியை ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடியேறிவிட்டார். ஜோதியைக் கண் குளிரப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ பாத்துட்டியா? அப்ப ஏத்தலாம்" என்றார்.

ஊரே விளக்கேற்றிய பிறகும் ஒருவர் என் கண்ணை நம்பி இருட்டில் காத்திருந்தார் என்ற நினைப்பு, எவ்வளவு அலுப்பான நாளிலும் என்னைத் தாங்கிப் பிடிக்கிறது.