மினாரா விளக்கை அணைக்கச் சொன்னவர்

பின்னேர அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர், பள்ளிவாசல் ஒலிபெருக்கி றிஸ்மினா டீச்சர் காலமானதையும் ஜனாஸா அடக்கத்தையும் அறிவித்தது. பெயர் தெளிவாகக் கேட்டும், வேறு யாரோ என்று நினைத்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுத்த வீட்டு மதினி அழுதபடி வந்து நின்றபோதுதான் என் கை ஓய்ந்தது.

கல்முனையில் ஒரே பாடசாலையில் அவர் கணிதம் படிப்பித்தார், நான் விஞ்ஞானம். தன் வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கியும் கமெராவும் வைத்து, ஒரேயொரு நட்சத்திரத்தின் ஒளியை வருடக்கணக்காக அளந்துவந்தார். அந்தத் தொலைநோக்கி பிறை பார்க்க வாங்கியது என்றே ஊர் நம்பியது. நோன்புப் பிறைக்கு அவர் வாசலில் கூட்டம் சேரும். அவரும் முகம் சுளிக்காமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்.

உண்மையில் அந்த நட்சத்திரம் இரண்டு சூரியன்கள். ஒரு நோன்பு நாளில், பராட்டாவுக்குப் பிசைந்த மாவில் இரண்டு உருண்டைகளை ஒட்டி, மெல்ல இழுத்துச் சுழற்றிக் காட்டினார்.

"ரெண்டும் தொடுற கிட்டத்தில சுத்துது கா. ஒண்டையொண்டு இழுத்து நீட்டி வெச்சிரிக்கி. ஒண்டு மத்தத மறைச்சா வெளிச்சம் குறையும், பக்கவாட்டாத் திரும்பினாக் கூடும்."

அவருடைய தொலைநோக்கியில் அது ஒற்றைப் புள்ளிதான். ஒளி ஏறி இறங்குவதை வைத்தே இரண்டென்று அறியவேண்டும்.

அந்த நோன்பில்தான் சிக்கலும் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சமமாக இருக்கவேண்டிய இரண்டு ஒளி ஏற்றங்களில் ஒன்று தாழ்ந்திருந்தது. அப்படியானால் ஒரு சூரியனின் முகத்தில் பெரிய கரும்புள்ளி இருக்கவேண்டும். வெளிநாட்டு நட்சத்திர அவதானிகளுக்கு அளவுகளை உடனே அனுப்பிவிடுங்கள் என்று நான் அவசரப்பட்டேன். அவரோ பள்ளிவாசல் கோபுரமான மினாராவில் நோன்புக்காகத் தொங்கிய மின்குமிழ்களைக் காட்டினார். அந்த வெளிச்சம் அளவைக் கெடுத்திருந்தால், இத்தனை வருட உழைப்பையும் எவரும் நம்பமாட்டார்கள் என்றார். நேரே பள்ளிவாசல் தலைவரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"எங்கட லைட்டு ஒங்கட நட்சத்திரத்த என்ன செய்யிது டீச்சர்?" என்று தலைவர் சிரித்தார்.

"ஒண்டும் செய்யல்ல எண்டு தெரியணும். அதுக்குத்தான் அணைக்கக் கேக்கன்."

தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்ததும் விளக்குகள் அணைந்தன. தெருவில் ஓட்டோக்கள்கூட நின்றன. அண்ணாந்த தலைவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவும் எங்கட பள்ளிக்கு மேலதான் இரிந்திச்சா?"

அதற்கடுத்த இரவுகளில், டீச்சர் கேளாமலே, தலைவர் விளக்குகளை அணைக்கச் சொன்னார். டீச்சர் மாடியில் அளந்தார். தாழ்ந்த ஏற்றம் தாழ்ந்தேதான் இருந்தது. கரும்புள்ளி உண்மை. டீச்சர் அழுததை நான் கண்டது அது உறுதியான அன்று மட்டும்தான்.

ஒன்றைக் கண்டுவிட்டேன் என்று வாய் திறக்குமுன் என் பக்கத்து விளக்கை அணைத்துப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. நல்லடக்கம் முடிந்த மறுநாள், இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு, அவர் மகள் என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். அந்த நட்சத்திரம் ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரிந்தது. இரண்டென்று எனக்குத் தெரியும்.