அண்ணாவின் சுவரில் இருந்த குதிரைப்படைத் தளபதி

அண்ணாவின் உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில், அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு நின்றவர்கள்: அண்ணி, அவரின் மகள் துளசி, மருமகன், மில்லிக்கனில் இருக்கும் சின்னம்மாவின் இரண்டு பிள்ளைகள், அண்ணாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த மூன்று பேர், தேவாரம் பாட வந்தவர், அண்ணாவைப் பராமரித்த போலீன், நான். பதினொரு பேர். நான் செய்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவ்வளவுதான். மற்றவர்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நாங்கள் அச்சடிக்கும் இந்த நினைவு மலரை வாசித்துத்தான் அறியப்போகிறீர்கள்.

"மச்சாள், உதை எழுதாதேங்கோ. அந்தியேட்டிச் சாப்பாட்டில இருந்து சனம் வாசிக்கும்" என்றார் அண்ணி. அவர் சொல்வதும் சரிதான். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்தேன். ஆனால் அதை விட்டுவிட்டு அண்ணாவின் நற்குணங்களை மட்டும் எழுதப் போனால் கை ஓடவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளைத் துளசி திருத்தியிருக்கிறாள்.

அண்ணா சண்டிலிப்பாயில் பிறந்தார். அப்பா படுக்கையில் விழுந்தபோது இரண்டு பேரையும் படிப்பிக்க வழியில்லை. நான் நின்றேன், அண்ணா படித்தார். பின்னேரங்களில் தான் படித்ததையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுவார். நாட்டு நிலைமையால் கனடா வந்து, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சுமை தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினார். மல்வேர்னில் வீடு வாங்கினார். எங்களை ஒவ்வொருவராக எடுப்பித்தார். நான் வந்து இறங்கிய அன்று விமான நிலைய வாசலிலேயே தன் குளிர்ச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, கார் வரைக்கும் நடுங்கிக்கொண்டு நடந்தார்.

ஒரு கராஜ் சேலில் இரண்டு டொலருக்கு வாங்கிய தடித்த புத்தகம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பிரிந்துபோகச் சண்டை பிடித்த காலத்தில், அவர்களின் குதிரைப்படையை நடத்திய ஒரு தளபதியின் வாழ்க்கை அது. பிறந்தநாள் கொண்டாட்டமோ சாமத்திய வீடோ, அண்ணா ஒரு மூலையில் அதைத் தொடங்கிவிடுவார். அந்த மனிதர் வேர்ஜீனியாவில் பிறந்தது, படைக் கல்லூரியில் படித்தது, தன் மாநிலம் பிரிந்ததும் அரசாங்க உத்தியோகத்தை எறிந்துவிட்டு வந்தது, தொப்பியில் இறகு வைத்துக்கொண்டு எதிரியின் முழுப் படையையும் குதிரைகளோடு ஒரு வட்டம் சுற்றி வந்தது, போர் முடியுமுன் இளவயதில் வயிற்றில் துப்பாக்கிச் சூடுபட்டு இறந்தது. அவர் ஒரு பெரிய சண்டைக்குப் பிந்தி வந்த கதையும் உண்டு. சின்னம்மாவின் மகன் அதைச் சொல்லிப் பகிடி பண்ணாமல் விடமாட்டான்.

"அண்ணை, உங்கட ஜெனரல் மல்வேர்ன் பஸ் மாதிரி. வரும், ஆனா எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான்."

"டேய், அவனுக்குத் தகவல் ஒழுங்காப் போய்ச் சேரேல்லை" என்று அண்ணா தன் சொந்தத் தம்பிக்குப் போல வக்காலத்து வாங்குவார்.

"அவையும் தனிநாடு கேட்டுத் தோத்த சனம், பிள்ளை" என்று எனக்குச் சொன்னார். அது எனக்குப் போதுமாக இருந்தது. எதற்காகக் கேட்டவர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு கோடையில் வேர்ஜீனியா போனபோது, அந்தத் தளபதியின் படத்தையும் அவர்களின் சிறிய கொடியையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து விற்றார்கள். வாங்கிவந்து தன் அறைச் சுவரில் மாட்டினார்.

பிறகு பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. அண்ணாவைப் பராமரிக்க ஒரு நிறுவனத்திலிருந்து போலீன் வரத் தொடங்கினார். ஜமேக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண், என் வயதுதான் இருக்கும். நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டுத் தானும் "அண்ணா" என்றே கூப்பிடுவார். எட்டு மாதம் அவரைக் குளிப்பாட்டினார், சவரம் செய்தார், தூக்கி இருத்தி ஊட்டினார். வேறு யார் கொடுத்தாலும் துப்புகிற கஞ்சியை அண்ணா அவர் கையால் குடித்தார்.

போலீன் காலை ஒன்பது மணிக்கு வருவார். எட்டரைக்கே அண்ணா குழறிக் குழறிச் சொல்வார்: "தங்கச்சி, சுவரில இருக்கிற உதைக் கழட்டி அலுமாரிக்குள்ள வை." போலீன் போனபின் திரும்ப மாட்டச் சொல்வார். "ஏன் அண்ணா இந்தக் கரைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன். "அவ பார்க்கத் தேவையில்லை" என்றார். தூசிக்காகவோ கண்ணூறுக்காகவோ என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதமும் கழற்றியது நான், மாட்டியது நான்.

அன்று மண்டபத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை தந்தார்கள். அண்ணா வெறும் போர்க்லிப்ட்காரர் இல்லை என்று எல்லாருக்கும் தெரியவேண்டும் என்ற பதற்றம் எனக்கு. புத்தகத்தையும் அந்தச் சட்டத்தையும் நடுவில் வைத்து, "என் அண்ணாவின் வீரன்" என்று ஆங்கிலத்திலும் அச்சடித்து முன்னால் நிறுத்தினேன். துளசி தேவாரம் பாட வந்தவரோடு வெளியே கதைத்துக்கொண்டு நின்றாள்.

போலீன் கறுப்புத் தொப்பியோடு வந்து அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு மேசைக்கு வந்தார். சட்டத்தைப் பார்த்தார், முன்னால் நான் நிறுத்தியிருந்ததை வாசித்தார். அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்கிய அளவில், "உவர் ஆர் எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். நான் சந்தோஷமாக, "அண்ணாவின்ர ஜெனரல். பெரிய வீரன்" என்றேன். அவர் அண்ணாவின் நெற்றியில் ஒருமுறை கை வைத்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய்விட்டார்.

அவர் போவதைக் கண்ட துளசி உள்ளே ஓடிவந்து சட்டத்தைக் கவிழ்த்தாள். "மாமி, என்ன வேலை செய்திருக்கிறியள்! போலீன்ர ஆக்களை விலைக்கு வாங்கி, அடிச்சு, கூலியில்லாமல் வேலை வாங்கின சனம் உவை. அதை விடமாட்டம் எண்டுதான் பிரிஞ்சு போனவை."

"அண்ணாவுக்கு உது தெரியாது" என்றேன்.

"புத்தகத்தில கிடக்கு மாமி. அப்பா பென்சிலால கோடே போட்டிருக்கிறார்."

அண்ணாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் அதை வைத்திருக்க அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அடியோடு கழற்றி எறியவும் மனம் வரவில்லை. அண்ணாவைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் அது குறைதான். வாயடைத்துக் கிடக்கும் அவருடைய வெட்கத்தை எடுத்து, பேரும் போட்டு, மேசையில் வைத்தவள் நான்.

பத்து நாள் கழித்துத் துளசி போலீனுக்கு போன் எடுத்துத் தந்தாள். அவர் வரமுன் தினமும் அதைக் கழற்றி மறைத்ததையும் சொல்லி, நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "எட்டு மாதம் அந்த மனிசனைக் குளிக்க வார்த்தனான். ஒருநாள் எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. அந்தியேட்டிக்கு வரச் சொன்னேன், வேலை இருக்கிறது என்றார்.

அண்ணா நோய் வருத்தமாகக் கிடந்தபோது மருந்துக்கும் வாகனத்துக்கும் ஓடித்திரிந்த உறவினர்களுக்கும், செத்தவீட்டு நாட்களில் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போலீனுக்கு நன்றி என்று எழுதி முடிக்க எனக்குக் கூசுகிறது. கடைசி நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நிறுவனம் ஒருவரையும் அனுப்பாதபோது, அவர் தன் லீவு நாளில் இரண்டு பஸ் மாறி வந்து அண்ணாவைப் பார்த்தார். நாளுக்கு நூற்றியிருபது டொலர் என்று பேசியிருந்தோம், எல்லாம் முடியச் சேர்த்துத் தாருங்கள் என்றார். அந்த போனில் காசைப் பற்றியும் கேட்டேன். "இண்டைக்கு அதைக் கதைக்க வேண்டாம்" என்று வைத்துவிட்டார். இந்த மலர் அச்சுக்குப் போகும் இன்று வரை நாங்கள் அவருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் கூலி நானூற்றி எண்பது டொலர்.