காற்று அடங்கக் காத்திருந்த கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹம்பேர்க்கில் வெயில் எறித்தது. ஏப்ரல் மாதத்து வெயில், நம்பக்கூடாத வெயில். எங்கள் தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்கு முன்னால் சனம் அரைக்கைச் சட்டையோடு குந்தியிருந்தது. ஒரு கிழவர் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். நான் யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துடக்கு வீட்டில் எனக்கு வேறு என்ன வேலை? விளக்கேற்ற முடியாது, கோயிலுக்குப் போக முடியாது, ஒரு வீட்டுப் படியேற முடியாது. என் மனுசன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, இந்த ஊருக்கு அதற்குள் என்ன கொண்டாட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலையப் படிக்கட்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்தான். பிறகு எழும்பவில்லை. அதற்கு முதல் நாள்வரை காலையில் யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு மழை வராது" என்று தீர்ப்புச் சொல்லுவார். ஏப்ரலில் ஒருநாளும் அந்தத் தீர்ப்புப் பலித்ததில்லை. வானொலிக்காரன் சொல்லுவதை நம்பமாட்டார். நனைந்து வந்து நின்றால், "நான் வெளிக்கிட்ட நேரம் வானம் வெளிச்சிருந்தது" என்று வானத்தின்மேல் பழியைப் போட்டுவிடுவார். நானும் மகளும் அவருடைய பைக்குள் குடையைச் சொல்லாமல் வைத்துவிடுவோம். பத்தொன்பது வருடம் ஒரு மனுசனோடு சீவித்து, அவருடைய சாம்பலுக்கும் இந்த ஏப்ரலிடம்தான் கையேந்தி நிற்கப்போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

இந்த நாட்டில் சாம்பலை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அதுதான் சட்டம். ஒன்றில் சவக்காலையில் தாழ்க்கவேண்டும், இல்லையென்றால் அதற்கென்று இருக்கிற கப்பலில் கொண்டுபோய்க் கடலில் இறக்கவேண்டும். அடக்கக் காரியங்களைப் பொறுப்பெடுத்தவர் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என்ரை மனுசனை என்னட்டைத் தர உங்களுக்கு என்ன வந்தது?" என்று தமிழிலேயே கேட்டேன். பதினேழு வயது மகள் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ தெரியாது, அந்த மனிதர் எழுந்து எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து தந்தார். பஞ்சுக் குரலில் கதைக்கிற ஆள். அவர் கொஞ்சம் உரத்துப் பேசியிருந்தாலாவது நான் நன்றாகச் சண்டை பிடித்திருப்பேன்.

மாமிக்கு, அவருடைய தாய்க்கு, சாம்பலை ஊருக்கு எடுக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அது யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்த காலம். உயிரோடு இருக்கிற சனமே ஊருக்குப் போக வழியில்லாமல் கொழும்பில் முடங்கிக் கிடந்தது, சாம்பலை யார் கொண்டுபோவது? நான் மறுத்துச் சொன்னதை மாமி நல்லவிதமாக எடுக்கவில்லை. "அங்கை கொண்டுபோய் வைச்சிருந்தாய், இப்ப அங்கையே விடப்போறாய்" என்று சொன்னார். நானா அவரை ஜெர்மனிக்குக் கொண்டுவந்தேன்? அவர்தான் என்னைக் கூப்பிட்டெடுத்தார். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் நியாயம் பேசமுடியுமா?

கடைசியில் மாமி ஒன்றே ஒன்று கேட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால் கிரியைகளை என் மனுசனின் தம்பி அங்கே ஊர்க் கடற்கரையில் செய்வார். "நீங்கள் அங்கை அவனைத் தண்ணியிலை விடுற நேரம் நான் இஞ்சை தண்ணியிலை நிக்கவேணும் பிள்ளை. அதை மட்டும் செய்து தா." மாமி என்னிடம் தன் வாயால் கேட்ட முதல் காரியம் அது. செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தோராம் நாள் வியாழக்கிழமை விழுந்தது. அந்த நாளுக்கே கப்பல் கிடைத்தது. லூபெக்குக்கு அப்பால், பால்டிக் கடலோரம் ஒரு சின்னத் துறைமுகம். பஞ்சுக் குரல்காரர் "காலநிலையைப் பொறுத்தது" என்று சொன்னார். நாங்கள் அந்தச் சொல்லைக் காதில் வாங்கவில்லை. நல்ல நாள் குறித்தால் குறித்ததுதான், அதற்கு இடையில் காலநிலைக்கு என்ன வேலை? ஊரில் ஐயருக்குச் சொல்லியாயிற்று, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று.

திங்கள் காலை மழை. மத்தியானம் ஆலங்கட்டி விழுந்து பல்கனி முழுக்கச் சவ்வரிசி கொட்டினமாதிரிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை எழும்பிப் பார்த்தால் பனி! மஞ்சள் பூப் பூத்த பற்றைகளின்மேல் வெள்ளையாகப் பனி. பத்து மணிக்கு வெயில் வந்து எல்லாவற்றையும் உருக்கியது, பதினொரு மணிக்குத் திரும்பவும் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தேன், அந்தக் கிழமை விடுமுறை. சாப்பாடு கொண்டுவந்த பக்கத்துத் தெரு அக்கா வாசலில் நின்றபடியே, "கடல் பக்கம் எப்பிடி இருக்குமோ தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் பஞ்சுக் குரல்காரர் காலநிலையைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

புதன் முழுக்க நான் தொலைக்காட்சியில் காலநிலையைப் பார்த்தேன். அவர் ஒருநாளும் நம்பாத அந்த அறிவிப்பை ஒன்றுவிடாமல் பார்த்தேன். வடக்கில் காற்று என்றார்கள். மகள் துறைமுகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். விடியத்தான் சொல்லமுடியும் என்றார்களாம். என் வெள்ளைச் சேலையைச் சுருக்கம் போக அழுத்தி வைத்தேன். பூ வாங்கினேன். பால், ஒரு தேங்காய், இரண்டு பேருக்கும் மாற்றுடுப்பு, துவாய். கடலில் விட்டால் முழுகாமல் வீட்டுக்கு வரக்கூடாது அல்லவா? எல்லாவற்றையும் ஒரு பைக்குள் அடுக்கி வாசலில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

வியாழன் விடியக் காற்று யன்னல்களைப் பிடித்து உலுக்கியது. எதிர்வீட்டுப் பல்கனியில் ஒரு பூச்சாடி உருண்டு உடைந்தது. நான் சேலை உடுத்து, அதன்மேல் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தது. மகள் கேட்டுவிட்டு வைத்தாள்.

"அம்மா, கடல்லை காத்துச் சரியான மோசமாம். இண்டைக்குக் கப்பல் வெளிக்கிடாதாம். வேறை திகதிக்குப் புது ரேர்மின் தருவினமாம்."

எனக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. இன்றைக்கு அவர் போகமாட்டார், இன்னும் ஒன்றிரண்டு நாள் இந்த நாட்டில், நான் மிதிக்கிற இதே தரையில் இருப்பார் என்று நெஞ்சு ஒருக்கால் துள்ளியது. அடுத்த நொடி மாமியின் நினைப்பு வந்தது.

அவசரமாக ஊருக்கு எடுத்தேன். அவருடைய தம்பியின் கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. யார் எடுப்பது? அவர் அந்த நேரம் ஈரவேட்டியோடு ஐயருக்கு முன்னால் இருந்திருப்பார். மாமி தண்ணீருக்குள் நின்றிருப்பார். நான் திரும்பத் திரும்ப எடுத்தேன். கடைசியில் அவர்களே எடுத்தார்கள்.

"போயிட்டானோ பிள்ளை?" என்று மாமி கேட்டார். குரலில் ஒரு ஆறுதல் இருந்தது. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்கிற ஆறுதல். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அது அப்படியே இருந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை மாமி. இஞ்சை சரியான காத்து. கப்பல் வெளிக்கிடேல்லை."

"நான் இடுப்பளவு தண்ணியிலை நிண்டனான். பிண்டமும் விட்டாச்சு." பின்னால் கடல் இரைகிற சத்தம் கேட்டது. "அப்ப அவன் இப்ப எங்கை?"

எங்கே? பஞ்சுக் குரல்காரரின் கடையில், பின்பக்க அறையில், ஒரு தட்டில். நான் அதைச் சொல்லவில்லை, "பத்திரமாய் இருக்கிறார் மாமி" என்றேன். மாமி தொலைபேசியைச் சின்ன மகனிடம் கொடுத்துவிட்டார். அவர் இரண்டு சொல் பேசிவிட்டு வைத்தார். நான் வெள்ளைச் சேலையோடு குசினிக்குள் போய் இருந்தேன். ஒரு காரியம், ஒரேயொரு காரியம் கேட்டார், அதைக்கூடச் செய்துகொடுக்க என்னால் முடியவில்லை. காற்றைத் திட்டினேன், கப்பற்காரனைத் திட்டினேன், சொல்லாமல் கொள்ளாமல் போனதற்காக அவரையும் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை காற்று விழுந்துவிட்டது. ஊரிலிருந்து அழைப்பு வரவில்லை. சனிக்கிழமை வெளிக்கிடலாம் என்று துறைமுகத்திலிருந்து சொன்னதை மட்டும் அவருடைய தம்பிக்குச் சொன்னேன். மாமியிடம் கொடுங்கோ என்று கேட்க எனக்குத் துணிவு இல்லை.

சனிக்கிழமை வானத்தில் ஒரு முகில் இல்லை. கடல் எண்ணெய் விட்டதுபோலக் கிடந்தது. வியாழக்கிழமை ஆடிய ஆட்டமெல்லாம் எங்கே என்று அதைப் பார்த்துக் கேட்கவேண்டும்போல இருந்தது. கப்பலில் நானும் மகளும், கப்டனும் இன்னொரு மாலுமியும்தான். கரை தெரியாத தூரம் போனதும் இயந்திரத்தை நிற்பாட்டினார்கள். சாம்பல் ஒரு மூடிய பாத்திரத்தில் இருந்தது. அது தண்ணீரில் தானாகக் கரைந்துவிடுமாம். திறக்க அனுமதி இல்லை. கையால் அள்ளி விடவேண்டும், அதுதான் எங்கள் முறை என்று மகள் கேட்டுப் பார்த்தாள். கப்டன் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பாத்திரம் தொங்கிய கயிற்றின் நுனியை என் கையில் தந்தார். நானும் மகளும் சேர்ந்து பிடித்து இறக்கினோம். பாலை ஊற்றினேன், பூவைப் போட்டேன். கயிறு கொஞ்ச நேரம் கையில் பாரமாக இருந்தது. பிறகு இலேசாகிவிட்டது.

கரைக்கு வந்தபோது கடற்கரை முழுக்கச் சனம். நான் சப்பாத்தையும் அங்கியையும் கழற்றி மணலில் வைத்துவிட்டு வெள்ளைச் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால்வரை போகவில்லை, கத்தியால் வெட்டினமாதிரிக் குளிர். அதற்குள் பின்னால் ஒரு கூச்சல். ஒரு பெரிய மனிதர், கையில் நாய்க்கயிறு, "வேண்டாம், வேண்டாம்" என்று கத்திக்கொண்டு கால்சட்டையோடு தண்ணீருக்குள் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துவிட்டார். நான் சாகப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். ஏப்ரல் மாதத்தில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் நடக்கிற பொம்பிளையைப் பார்த்தால் வேறு என்னதான் நினைப்பது! மகள் ஓடிவந்து விளங்கப்படுத்தினாள். அப்பாவை இப்போதுதான் கடலில் விட்டோம், முழுகாமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொன்னாள். அவர் கையை எடுத்தார். தொப்பியைக் கழற்றினார். ஆனால் போகவில்லை. நான் குனிந்து தண்ணீரை அள்ளித் தலையில் விட்டு, மகளின் தலையிலும் விட்டுக் கரையேறும்வரைக்கும் நனைந்த கால்சட்டையோடு அங்கேயே நின்றார். முழுக என்னால் முடியவில்லை. தலையில் விட்டதே போதும் என்று வந்துவிட்டேன்.

மணலில் இருந்து துவாயைத் தேடுகிற நேரம் மகளின் கைத்தொலைபேசி அடித்தது. மாமி. அன்றைக்கும் கடலுக்குப் போயிருக்கிறார். ஐயர் இல்லை, கிரியை இல்லை, சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் நின்றிருக்கிறார்.

"விட்டாச்சு மாமி," என்றேன். "நல்ல வெயில். கடல் அடங்கிப்போய் இருந்தது. ஒரு குறையுமில்லை." இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்த வசனங்கள். அவர் அதையெல்லாம் கேட்டமாதிரித் தெரியவில்லை.

"இஞ்சை தண்ணி இளஞ்சூடாய்க் கிடக்கு பிள்ளை. அங்கை குளிரோ?"

நான் என் கால்களைப் பார்த்தேன். நீலம் பாரித்துக் கிடந்தன. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம் மாமி. சரியான குளிர்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டார்:

"நீயும் இறங்கினனியோ?"

"ஓம். பிள்ளையும்தான்."

"அப்ப ஈரத்தோடை நில்லாதையுங்கோ. காலை நல்லாய்த் துடைச்சுப்போட்டுக் காலுறையைப் போடு. அவளின்ரை தலையைத் துவட்டி விடு. என்ரை பிள்ளையள் அல்லோ, இனி நீங்கள்தானே எனக்கு அங்கை இருக்கிறியள்."

அவர் போன நாளிலிருந்து ஆட்களுக்கு முன்னால் அழாமல் பார்த்துக்கொண்டவள் நான். அந்த நாய்க்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, மணலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். மகள் என் காலைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தாள்.