பதினொரு வீட்டில் இருந்த எஞ்சின்

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வானம் முழுவதும் மூடியிருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய தூசி ஈரக்காற்றில் மேலே எழ முடியாமல் முழங்கால் உயரத்திலேயே அலைந்துகொண்டிருந்தது. திருவொற்றியூரில், தேய்ந்த எஞ்சினைக் கடைந்து புதுப்பிக்கும் ரீபோர் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எஸ்டிமேட் எழுதுபவள் நான். எங்கள் தொழிலின் இயல்பு இதுதான்: வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இரும்பைச் சுரண்டிவிட்டு, அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்குக் கூலி கேட்போம். பழைய எஞ்சினைப் பட்டறையில் கொடுத்துவிட்டுக் கூலிச்சீட்டைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அந்தச் சீட்டை எழுதும் கையும் சில நாள்களில் தயங்கத்தான் செய்கிறது. அப்படித் தயங்கிய ஒரு வாரத்தின் கதை இது.

மீன் பெட்டியில் வந்தது

அன்று காலை வாசலில் வந்து நின்ற மினி லாரியில் மூன்று சிலிண்டர் டிராக்டர் எஞ்சினின் பிளாக், அதாவது வெறும் வார்ப்புடல், ஒன்று கிடந்தது. மற்ற பாகங்கள் மீன் பெட்டிகளில் இருந்தன. எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள ஒரு குப்பத்தின் பொது டிராக்டர் அது. பதினொரு பைபர் படகுகளையும் கடலிலிருந்து மணல்மேட்டுக்கு இழுத்துவிடுவது அதன் வேலை. கூட வந்தவர்கள் இருவர். டிராக்டர் ஓட்டும் தேசிங்கு. ஊர்ப்பணத்துக்குப் பொறுப்பான மீன் வியாபாரி மலர்க்கொடி அம்மாள். தேசிங்குக்கு நாற்பது வயதிருக்கும். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து.

ஒவ்வொரு பாகத்திலும் வெவ்வேறு நிறத்தில் ஒரு தீற்றுப் பெயின்ட் பூசியிருந்தது. ஒரு பிஸ்டனில் வெள்ளை, ஆயில் பம்பில் ஊதா. பெயின்ட் நீக்கும் கூலி என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டே காரணம் கேட்டேன். எஞ்சினைப் பிரித்தபின், யாரும் தனியாக விற்றுவிடக் கூடாதென்று, வீட்டுக்கு ஒரு பாகமாகப் பதினொரு வீட்டிலும் பங்கு வைத்தார்களாம். அவரவர் தம் படகின் நிறத்தைப் பூசிக்கொண்டார்களாம். நான் அவர்களை வியப்போடு பார்த்தது அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. "இன்னாமா அப்டி பாக்குற? ஒரே வூட்ல வெச்சா ஒரு திருடன் போதும். பதினோரு வூட்ல வெச்சா பதினோரு திருடன் ஒத்துமையா இருக்கணும். எங்க குப்பத்துல ரெண்டு பேரே ஒத்துமையா இருந்தது இல்ல!"

சாக்பீஸ் மாவு

செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குமேல் பேச்சே இல்லை. அப்படியானால் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் எடைக்குப் போட்டுவிடுவது என்று குப்பத்தில் முன்பே முடிவாகியிருந்தது. வாங்க ஆளும் தயாராக இருந்தான். போன மழைக்காலத்தில் இந்த டிராக்டர் நின்றுபோயிருந்த ஒரே இரவில் ஒரு படகு கரையிலேயே உடைந்து இரண்டானதாம். இந்த மழைக்காலமோ வாசலுக்கே வந்துவிட்டது. வங்கக்கடலில் காற்றழுத்தம் உருவாகிறது என்று அன்றைய செய்தியிலும் சொன்னார்கள்.

எங்கள் மிஷின்மேன் கன்னியப்பன் பிளாக்கின் மேல்முகத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டார். பிறகு துடைத்துவிட்டுச் சாக்பீஸ் மாவைத் தூவினார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்ல மேலேறி, வெண்மாவில் கருங்கோடாகத் தானே எழுதிக்காட்டும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்றும் அந்தச் சில நிமிடங்களில் மூச்சு விடுவதற்குக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கும். மாவு வெள்ளையாகவே கிடந்தது. கன்னியப்பன் தலையசைத்ததும் தேசிங்கு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எம்பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கசொல்லோகூட இவ்ளோ பேஜாரு ஆவலக்கா."

விரல்

சிலிண்டரின் உள்ளுறையான லைனரை மாற்றுவது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தேய்ப்பது, ஹெட்டின் முகத்தைச் சமன் செய்வது, வால்வு உட்காரும் இடத்தைத் திருத்துவது எனப் பட்டியலை வாசித்தேன். நாற்பத்தைந்தாயிரம் வந்தது. குப்பத்தில் வசூலாகியிருந்தது நாற்பத்தெட்டாயிரம். இனி யாரிடமும் கேட்க முடியாது என்று அம்மாள் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் பேரம் பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை. "மூணு ஓட்டையும் ஒரே மாதிரிதானே கீது? ரெண்டுக்குத் துட்டு வாங்கிகினு ஒண்ண கொசுறு போடு." கிராங்க் தேய்ப்பதற்கு எதற்கு அத்தனை ரூபாய், பளபளவென்று நன்றாகத்தானே இருக்கிறது என்றும் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லி வென்றவர் யாருமில்லை என்பது என் அனுபவம். அது கன்னியப்பனுக்கும் தெரியும். கிராங்கைத் துடைத்து அம்மாளின் முன்னால் வைத்து, பேரிங் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு முறை ஓட்டினார். "தோ, இங்க ஒரு படி கீது. இங்க இன்னொன்னு, அத்தவிட சின்னது." கன்னியப்பன் மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் முதல் படி அதில் நான்கு பங்கு, இரண்டாவது இரண்டு பங்கு. வேலை பழக வருபவர்களுக்கு அந்த இரண்டாவது படி தட்டுப்பட ஓராண்டு ஆகும். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கண்டு அம்மாள் சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருசமா எறா உரிச்ச வெரலுமா. சரி, தேய்ச்சிக்க. ஆனா சொம்மா தேய்ச்சேன்னு வெச்சிக்க, கண்டுபுடிச்சிருவேன்."

நான்கு மூடிகள்

சிக்கல் மறுநாள் காலையில் வந்தது. கிராங்க், பிளாக்கின் அடியில் நான்கு இடங்களில் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் இரும்பு மூடி போல்ட்டால் இறுகியிருக்கும். தொழிற்சாலையில் அந்த மூடிகளை மாட்டியபடியேதான் கிராங்க் சுழலும் துளையைக் கடைந்திருப்பார்கள். எனவே ஒவ்வொரு மூடிக்கும் அதற்குரிய இடம் ஒன்றே ஒன்று. இடம் மாறினால் துளை வட்டமாக இராது. புதிய பேரிங் வெந்துபோகும். கழற்றும்போதே எண் குத்திவைக்க வேண்டும். தேசிங்கு குத்தவில்லை. பின்கோடி மூடி உருவத்திலேயே வேறு. மற்ற மூன்றும் ஒரே அச்சு. மூன்றை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதற்கு நான் படித்த கணிதப் பட்டம் தேவையில்லை.

வழக்கமான தீர்வு லைன் போரிங்: நான்கு துளைகளையும் ஒரே நேர்கோட்டில் புதிதாகக் கடைந்துவிடுவது. அந்த மிஷின் எங்களிடம் இல்லை. அம்பத்தூருக்கு அனுப்ப வேண்டும். கூலி ஒன்பதாயிரம், காத்திருப்பு ஒரு வாரம். புயல் நான்கு நாளில் கரைக்கு வரும் என்று அதற்குள் சொல்லிவிட்டார்கள். நான் தொலைபேசியில் சொன்னதும் அம்மாளும் தேசிங்கும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துசேர்ந்தார்கள். "ஒரு ஆணி எடுத்துக் குத்துறதுக்கு இன்னாடா கேடு ஒனக்கு?" என்று அம்மாள் கேட்டார். தேசிங்கு இரும்பு வாங்குபவனை அழைப்பதற்காகக் கைப்பேசியில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மேசையின்மேல் கிடந்த மூடிகளைப் பார்த்தேன். ஒன்றைக் கன்னியப்பன் கழுவித் துப்புரவாக்கியிருந்தார். மற்ற மூன்றும் பெயின்டைக் கரைக்கும் காஸ்டிக் தொட்டிக்குப் போகக் காத்திருந்தன. அவற்றின் பெயின்ட் இன்னும் போகவில்லை. பின்கோடி மூடி சிவப்பு. மற்ற இரண்டில் ஒன்று நீலம், ஒன்று பச்சை. "தேசிங்கு, எந்த வீட்டுக்கு எதைக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டேன். "முடிவு இன்னாக்கா முடிவு? கயட்ட கயட்ட குடுத்துகினே போனேன். மொதல்ல ஹெட்டு, கடைசில கிராங்கு." யாருக்கு முதலில் என்றேன். அதற்கு அம்மாள் பதில் சொன்னார். குப்பத்தில் மீனோ, நிவாரணமோ, கோயில் பிரசாதமோ எதுவானாலும் முகத்துவாரத்தை ஒட்டி நிற்கும் படகிலிருந்துதான் கொடுக்கத் தொடங்குவார்களாம். நடுவில் ஒருவரைத் தாண்டினால் அன்று அடிதடிதான்.

"அப்படியானால் படகுகளின் நிறத்தை வரிசையாகச் சொல்லுங்கள்." அம்மாள் எங்கள் சுவரைக் கடலாக நினைத்துத் திரும்பி நின்றுகொண்டு, வலக்கையை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டுவதுபோலச் சொன்னார். ஏழாவது மஞ்சள், எட்டாவது நீலம், ஒன்பதாவது பச்சை, பத்தாவது சிவப்பு. கடைசியாகக் கழன்ற சிவப்பு பின்கோடி என்றால், தேசிங்கு முன்னிருந்து பின்னாகக் கழற்றியிருக்கிறார்; அதற்கு முன் பச்சை, அதற்கும் முன் நீலம், கழுவப்பட்டுவிட்ட மூடி மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும், அதன் இடம் முன்கோடி. எழுதிக்காட்டியபோது என் எழுத்து எனக்கே கோணலாகத் தெரிந்தது. கன்னியப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். தாம் கழுவிய மூடியையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "யக்கா, ரெண்டாவதா ஒண்ண கழுவலாம்னு எடுத்தேன். டீ வந்துச்சு, வெச்சிட்டேன்."

முள்

ஆனால் காகிதத்தை நம்பிக் கிராங்கைப் பூட்ட முடியாது. கன்னியப்பன் அந்த வரிசைப்படியே நான்கு மூடிகளையும் மாட்டி, உரிய அளவுக்குப் போல்ட்டை முறுக்கி, துளைக்குள் அளவு காட்டும் முள்ளுள்ள டயல் கேஜை இறக்கினார். துளை வட்டமாக இல்லையென்றால் கருவியைத் திருப்பத் திருப்ப முள் ஓடும். முதல் துளையில் முள் அசையவில்லை. இரண்டிலும் அசையவில்லை. மூன்றாவதில் அரைக்கோடு நகர்ந்தது. அவர் எடுத்து, துடைத்து, மறுபடி இறக்கினார். ஒரு துணி இழை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் நின்றுவிட்டது. நான்காவதும் அப்படியே. யாரோ எங்கோ ஒரு காலத்தில் கடைந்த வட்டத்தை ஒரு குப்பத்தின் வரிசை ஒழுங்கு தலைமுடியில் ஏழில் ஒரு பங்கு பிசகாமல் காப்பாற்றி வைத்திருந்ததைப் பார்த்தபோது, கோயில் கருவறை முன் நிற்கிறவளைப் போல நான் செருப்பைக் கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தேசிங்கு மட்டும் முறைப்பாக நின்றிருந்தார். "இப்போ சொல்லுக்கா, ஆணி எடுத்துக் குத்தாதது என் தப்பா?"

பதினொன்றாவது படகு

மூன்று நாளில் வேலை முடிந்து எஞ்சின் மறுபடி டிராக்டரில் ஏறியது. புது லைனர் போட்ட எஞ்சினை முதல் இருபது மணி நேரம் பாரம் இழுக்கவிடக் கூடாது. அப்படி இழுத்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இதைச் சீட்டின் அடியில் எழுதி, இரண்டு கோடும் போட்டிருந்தேன். ஆனால் அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்கே குப்பத்தில் அலை மேடேறத் தொடங்கிவிட்டது. கன்னியப்பன் வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பினார். வாடிக்கையாளரின் இடத்துக்கு ஒரு நாளும் போகாத நானும் கூடப் போனேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே: ஒரு படகு இழுத்ததும் பத்து நிமிடம் எஞ்சின் பாரமில்லாமல் ஓட வேண்டும். பதினொரு படகு, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முகத்துவாரப் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு பத்து நிமிடமும் கன்னியப்பன் பிளாக்கின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். அவர் கையை எடுக்கும்வரை மழையில் நனைந்தபடி நாற்பது பேர் அடுத்த படகின் கயிற்றைத் தொடவில்லை. ஏழாவது படகு ஏறும்போது கடைசிப் படகின் பின்புறத்தை அலை தொட்டுவிட்டது. அது மலர்க்கொடி அம்மாளின் படகு. அவர் மகன்கள் இருவரும் மார்பளவு நீரில் நின்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதை முதலில் இழுத்துவிடலாமே, யாரும் மறுக்கமாட்டார்களே என்று கேட்டேன். அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பதில் சொன்னார். "மறுக்க மாட்டாங்கம்மா. அதான் கஸ்டம். நாளைக்கு வசூலுக்குப் போய் நிக்கசொல்லோ அவங்க மூஞ்ச பாக்கணும்ல நானு."

பத்தாவது படகு ஏறியது. பத்து நிமிடம். கன்னியப்பன் கையை வைத்தார். அந்தப் பத்தில் ஒரு நிமிடத்தைக்கூட அவரும் குறைக்கவில்லை, அம்மாளும் குறைக்கச் சொல்லவில்லை. பிறகு கயிறு மாட்டினார்கள். டிராக்டரின் பின்சக்கரம் மணலில் அரையடி புதைந்தது; புகைபோக்கி ஒரு முறை இருமியது. எஞ்சினின் சத்தம் தாழ்ந்து தாழ்ந்து, நின்றுவிடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்ட இடத்தில், மறுபடி ஒரே சீராக எழுந்தது. கண் திறந்தபோது படகு மேட்டில் இருந்தது. அதன் பின்பலகையில் ஒரு முழம் பெயர்ந்திருந்தது. அம்மாள் அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தேசிங்கைத் திட்டினார். "மெதுவா இழுடான்னா, பெரிய இவன் மாதிரி இழுக்கற!"

மறுநாள் காலை மழை விட்டிருக்கவில்லை. தேசிங்கு வழிந்த எண்ணெயைத் துடைத்து, எஞ்சினுக்கு மேல் தார்பாலின் கட்டி, அதற்குள்ளேயே குந்தி நாஸ்தா தின்றாராம். மலர்க்கொடி அம்மாள் பெயர்ந்த பலகைக்கு ஒட்டுப் போட ஆள் தேடிப் போனார். கன்னியப்பன் புளியந்தோப்பில் முழங்கால் தண்ணீரைக் கடந்து, அரை மணி தாமதமாக வந்து, ஒரு லாரி கிராங்கை மிஷினில் ஏற்றினார். நான் குப்பத்தின் எஸ்டிமேட்டிலிருந்து பெயின்ட் நீக்கும் கூலியை அடித்துவிட்டு, கிராங்க் தேய்க்க எதற்கு இத்தனை ரூபாய் என்று கேட்ட லாரிக்காரருக்கு இந்தக் கதையைப் பதிலாகச் சொன்னேன். முடிந்ததும் அவர் கேட்டார்: "இன்னா மேடம், சொம்மா ஒரு கேள்வி கேட்டா இவ்ளோ சொல்றீங்க?"

எஞ்சின் பட்டறைகளில் கேள்வி கேட்பதற்கு மட்டும் இதுவரை யாரும் கூலி நிர்ணயிக்கவில்லை. நிர்ணயித்திருந்தால் நான் எப்போதோ முதலாளி ஆகியிருப்பேன், என் வாடிக்கையாளர்கள் எனக்கு முன்பே ஆகியிருப்பார்கள்.