என்னைப் பற்றி ஊர் எழுதியது

வாணியம்பாடிப் பக்கம் ஒரு செருப்பு கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் எடுக்கிறார்கள் என்று கல்லூரிக் கடைசி வருடத்தில் சொன்னார்கள். நேர்முகத்துக்குக் கூப்பிடும் முன்பு நம் பெயரை இணையத்தில் போட்டுத் தேடிப் பார்ப்பார்கள், அதனால் அவரவர் பக்கத்தைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள்.

எனக்கு அந்த வேலை வேண்டும். கம்பெனி பஸ் காலை ஏழரைக்கு எங்கள் மலையடிவாரத்து ஆலங்காயம் வரும். ஏறினால் வேலை, சாயங்காலம் மலையேறி வீடு. அது கிடைக்காவிட்டால் மற்ற பெண்களைப்போலத் திருப்பூர் ஹாஸ்டல்தான். அம்மா கையால் சாப்பிட்டு, எங்கள் சாமைக் கொல்லையில் கால் வைத்து, மாதாமாதம் சம்பளமும் வாங்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

என் பெயரைப் போட்டு நானே தேடிப் பார்த்தேன். புளியமரக் கிளையில் உட்கார்ந்திருக்கும் நான். வாயெல்லாம் சீத்தாப்பழமாக நான். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதல் பாட்டுக்கு வாயசைக்கும் நான். வாயசைப்பு வீடியோக்கள் மட்டும் எண்ணி மாளவில்லை. நான் முதலாளியாக இருந்தால் இவளை ஆடு மேய்க்கக்கூட வைத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான். அங்கே உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க என்னை அழித்தேன். பிறகு, வேலை தேடுகிறவர்களுக்கான தளத்தில் புதிதாக ஒருத்தியைக் கட்ட ஆரம்பித்தேன்.

முதலில் போட்டோ. ஊரில் அப்போது இருந்தது ஒரே ஒரு கோட்டு. சித்தப்பா மகன் ரிசப்ஷனுக்குத் தைத்தது. போட்டால் என் விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப் நான்கை மாட்டி இறுக்கி, பலாமரத்தில் நீல பெட்ஷீட்டைக் கட்டி, பெரியப்பா மகள் போன் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"சிரிக்காதடி. ஆபீசர் மாதிரி இரு."

"ஆபீசருங்க சிரிக்க மாட்டாங்களா?"

"நம்மூருக்கு வந்தவங்க யாராவது சிரிச்சிருக்காங்களா?"

சிரிக்கவில்லை. படத்தில் யார் வீட்டையோ ஜப்தி செய்ய வந்தவள்போல இருந்தேன். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்து என்னைப் பற்றிய வரிகள். 'சவால்களை நேசிப்பவள், தலைமைப் பண்பு மிக்கவள், குழுவாகச் செயல்படுவதில் வல்லவள்.' வகுப்பில் ஒருத்தி எங்கிருந்தோ இதை எடுத்தாள். அவளிடமிருந்து நாங்கள் பதினோரு பேர் எடுத்துக்கொண்டோம். குழுவாகச் செயல்பட்டது அந்த ஒரு தடவைதான். வசிக்கும் ஊர் என்ற இடத்தில் 'வேலூர்' என்று போட்டேன். மலைக்காரி என்று தெரிந்தால், பஸ் இல்லாத ஊர், இவள் எங்கே நேரத்துக்கு வரப் போகிறாள் என்று முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார்கள் என்பது என் கணக்கு. அன்றே கம்பெனிக்கு விண்ணப்பத்தையும் அனுப்பினேன்.

பக்கத்தின் கடைசியில், நம்மை அறிந்தவர்கள் நம்மைப் பற்றி எழுத ஓர் இடம் இருந்தது. அது காலியாக இருந்தால் நன்றாக இருக்காதாம். நான் செய்த முட்டாள்தனம், அதை வீட்டில் சொன்னது.

"கம்பெனிக்காரங்க நம்மளப் பத்தி நாலு பேரு இன்னா சொல்றாங்கன்னு பாப்பாங்களாம்."

அம்மா முறத்தை அப்படியே கீழே வைத்தார். "விசாரிக்க வர்றாங்களா?"

எங்கள் ஊரில் விசாரிப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான். பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் பெண் வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். ஊரில் நாலு வீட்டில் கேட்பார்கள். கேட்கும்போது ஊரே நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பழைய சண்டையெல்லாம் அன்றைக்கு ஒருநாள் கிடையாது. பெற்றவர்கள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. தன் பெண்ணைத் தானே மெச்சினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

மறுநாள் மதியம் தொட்டி மேட்டில் நான் இல்லாத நேரத்தில் ஊர் கூடியிருக்கிறது. பேசினால் போன் தானே எழுதிக்கொள்ளும் வசதியை யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். சாயங்காலம் திறந்து பார்க்கிறேன், கோட்டுப் போட்டவளுக்குக் கீழே வரிசையாக:

'அடக்கமான பொண்ணு. எதிர்த்துப் பேசாது.'

'சாமச் சோறு பொலபொலன்னு ஆக்கும்.'

'பல்லு வரிசையா இருக்கும், போட்டோவுல வாய மூடினு இருக்குது.'

'போன வருசம் சண்ட போட்டோம். அது என் தப்பு. பொண்ணு தங்கம்.'

எல்லாவற்றுக்கும் கீழே, ஜீப் படம் போட்ட கணக்கிலிருந்து ஒன்று: 'நான் ஆலங்காயம் போற ஷேர் ஜீப் டிரைவர். மூணு வருசமா காலையில அஞ்சரை வண்டிக்கு இந்தப் பொண்ணுதான் மொத ஆளு. மழ பேஞ்சாலும் சரி. ஒரு நாளும் வண்டிய காக்க வெச்சதில்ல.'

அந்த டிரைவர் என் அப்பா. பெற்றவர் பேசக் கூடாதே. அதனால் டிரைவராகப் பேசியிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வீசாமல் இருந்ததே பெரிது. ஒருவர் விடாமல் அழித்தேன். அப்பாவுடையதில் மட்டும் கொஞ்ச நேரம் விரல் நின்றது. ஆனால் வேலூரில் வசிக்கும் பெண் எதற்கு அஞ்சரை மணி மலை ஜீப்பில் ஏறுகிறாள்? அதையும் அழித்தேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் ஒரு வாரம், கம்பெனிக்காரர்கள் படித்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பத்து நாள் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பா அன்றைய டிரிப்பை விட்டுவிட்டு என்னைக் கம்பெனி வாசல்வரை கொண்டுவந்து இறக்கினார். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு மேடம். கம்ப்யூட்டரில் கேட்டதையெல்லாம் செய்து காட்டினேன். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. அப்புறம் தன் திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"விண்ணப்பம் வந்த மறுநாள் மத்தியானம் பார்த்தப்போ உங்க பக்கத்துல நிறைய பேர் எழுதியிருந்தாங்களே, எங்க காணோம்?"

"யாரோ விளையாட்டுக்கு எழுதிட்டாங்க மேடம். எடுத்துட்டேங்க."

"ஜீப் ஓட்டறவர் ஒருத்தர் எழுதியிருந்தாரு. நீங்க நேரத்துக்கு வருவீங்கன்னு. அவர் யாரு?"

பதில் எவ்வளவு சின்னது! ஒரே சொல். ஆனால் சவால்களை நேசிக்கும் அந்த வேலூர்க்காரிதான் வாயைத் திறந்தாள்.

"தெரியாதுங்க மேடம். யாரோ டிரைவர்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. "அவர் போட்டிருந்த படத்துல ஜீப் கண்ணாடியில போன் நம்பர் இருந்தது, குறிச்சு வெச்சேன். போன் பண்ணினேன். எங்களுக்கு நேரத்துக்கு வர்ற ஆள்தான் முக்கியம். 'பொய் சொல்ல வாய் வரல, நான் அவ அப்பன். என் பேச்ச நீங்க கணக்குல எடுத்துக்காதீங்க, ஊர்ல வந்து விசாரிங்க'ன்னாரு."

மன்னிப்புக் கேட்டேனா, சும்மா உட்கார்ந்திருந்தேனா, நினைவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வெளியே வந்தேன்.

அப்பா ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். வண்டியை எடுத்தார். ஏலகிரி தெரிகிற திருப்பத்தில் மெதுவாகக் கேட்டார்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? என்னப் பத்தி எதுனா கேட்டாங்களா?"

"கேட்டாங்கப்பா."

"நெனச்சேன்." ஸ்டீயரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "போன வாரம் அவங்க போன் பண்ணாங்க. அப்பன்னு ஒத்துக்கினேன். நீ பயப்படுவேன்னு உன்கிட்ட சொல்லல. அப்பனே எழுதினான்னு தெரிஞ்சா யாரு மதிப்பாங்க? நான்தாம்மா கெடுத்துட்டேன்."

இல்லை என்று சொன்னேன். வெட்கத்தில் செத்துவிடலாம்போல இருந்தது.

கம்பெனியிலிருந்து கடிதம் வரவில்லை. திருப்பூருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா தொட்டி மேட்டிலிருந்து கூப்பிடுவார். சாப்பாடு, மழை, ஜீப் டயர் எல்லாம் பேசி முடித்துப் போனை வைப்பதற்கு முன்னால், அன்றைக்கு மேடத்திடம் தான் வெறும் டிரைவராகவே இருந்திருக்கலாம் என்பார். உன் மேல் தப்பில்லை என்பேன். யார் மேல் என்று அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை; நானும் இதுவரை சொல்லவில்லை.