ஏழாவது வாட்ச்சின் பட்டை

ராபினுக்குக் கோபம் வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும். திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் பதினான்கு வருடமாக எதிரெதிரே நின்று துணி பார்க்கிறோம். அவர் பிழைப்புக்காகச் சாத்தான்குளம் பக்கமிருந்து வந்தவர். விண்வெளிக்குப் போனவர்கள் கட்டியிருந்த வாட்ச்சுகளைச் சேர்ப்பதுதான் அவருடைய பித்து.

ஆரம்பத்தில் வீட்டில் சொல்லித்தான் பார்த்தார். மச்சினன் தெருவெல்லாம் பரப்பிவிட்டான். "ராக்கெட் எத்தனை மணிக்குங்க?" என்று டீக்கடையில்கூடக் கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். மனைவி விஜயராணிக்கு அவையெல்லாம் பழைய வாட்ச், அவ்வளவுதான்.

ஆறு வாட்ச் இருந்தன. வீரர்கள் கட்டிய அதே ரகம்; ஆனால் எதுவும் மேலே போனதில்லை. ஏழாவதுதான் போய் வந்தது. கம்பெனிக்குச் சரக்குப் பார்க்க வரும் ரஷ்யாக்காரர் ஒருவர் ராபினின் கிறுக்கைப் பார்த்து மனமிரங்கி, விண்வெளிக்குப் போய்வந்த தன் அக்காள் கணவர் இறந்தபின், அவருடைய வாட்ச்சைக் கொண்டுவந்து கொடுத்தார். விண்வெளி உடுப்புக்கு மேலே கட்டுகிற நீளமான வெள்ளைத் துணிப் பட்டை. அதில் அந்த மனிதரே நீல மையில் எழுதிய பெயரும் தேதியும். அந்த எழுத்துதான் அத்தாட்சி. வேறு காகிதம் கிடையாது.

போன தை மாதம், கண்காட்சி நடத்தும் ஒரு அம்மா பெங்களூரிலிருந்து வருவதாகச் சொன்னார். போட்டோ போதாது, கையெழுத்தை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். சரியாக இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே 'ராபின், திருப்பூர்' என்று எழுதி வைப்பார்களாம். இனி யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஊட்ல மொதல்ல சொல்லிப்போடுங்க" என்றேன்.

"பேரு வரட்டும், அன்னைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுதேன்" என்றார்.

விஜயராணிக்கு எங்கள் கம்பெனியிலேயே கறை எடுக்கும் வேலை. துப்பாக்கி மாதிரி இருக்கும் ஸ்ப்ரே கன்னில் மருந்தை ஊற்றிப் பீய்ச்சினால் எண்ணெயோ பேனாக் கோடோ எதுவும் நிற்காது. வெள்ளைத் துணியில் மை தெரிந்தால் பீஸ் ரிஜெக்ட் என்பதுதான் அவள் படித்த பாடம். வாட்ச் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அந்த அம்மா வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் பட்டையோடு எங்கள் மேசைக்கு ஓடிவந்தாள்.

"என்னங்க, பாத்தியளா? கறையே தெரியல. வாறவங்க அசந்து போவாங்க."

ராபின் பட்டையை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, பனியனைப் பார்ப்பதுபோலவே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. வாயைத் திறக்கப்போன என் காலை மேசைக்கு அடியில் மிதித்தார்.

"நல்லாருக்கு ராணி" என்றார்.

பிறகு வெளியே போய், வரவேண்டாம் என்று பெங்களூருக்குப் போன் பண்ணினார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை; வருகிறவர்கள் தேதியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். தெரிந்தால் தாங்க மாட்டாள் என்கிறார். "நாஞ் சொன்ன அன்னைக்கே ஊட்ல சொல்லாம உட்டது உங்க தப்புங்க" என்று ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். "ஆமா" என்றார். அந்த மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது?

விஜயராணி மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டையைக் கொண்டுவந்து கன் பிடிக்கிறாள்.

"அவங்க எப்ப வந்து நின்னாலும் பளிச்சுன்னு இருக்கணும்லாண்ணே?" என்கிறாள் என்னிடம்.