முன்கையால் ஆடிய வால்ட்ஸ்

என் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் மனைவி ஸ்டெல்லாவின் முதுகு. எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டில் எங்கள் சர்ச் ஹாலில் ஒரு கல்யாண வரவேற்பு. ரெக்கார்டு பிளேயரில் வால்ட்ஸ் (ஆணும் பெண்ணும் கைகோத்துச் சுழலும் நடனம்) போட்டிருந்தார்கள். நான் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அங்கே நடக்கும் விருந்துகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. ஸ்டெல்லாவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சீக்கிரமே என்னைவிட நன்றாக ஆடினாள், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

"ஏனுங்க, கையை எதுக்கு இப்படி அமுக்கறீங்க? நொம்ப வலிக்குதுங்க" என்றாள்.

நான் அமுக்கவே இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆணின் வலது கை பெண்ணின் தோள்பட்டைக்குக் கீழே இருக்கும். எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே நிற்பது என்பதை அந்தக் கைதான் சொல்லும். அவளுக்குச் சம்மதமா, தயக்கமா என்பதையும் அந்தக் கைதான் கேட்டுக்கொள்ளும். என் கைக்குக் கேட்பது நின்றுபோயிருந்தது. காது மந்தமானவர் இரைந்து பேசுவதுபோல அது அவளை அழுத்தியிருக்கிறது.

சேலத்தில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, "பஞ்சு படறப்பச் சொல்லுங்க" என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது பஞ்சு என் சுண்டுவிரல் மேல்தான் இருந்தது. முழங்கையின் உட்புற நரம்பு கயிறுபோலத் தடித்திருப்பதையும் தொட்டுக் காட்டினார். தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்).

"மாத்திரையை உடாமச் சாப்பிட்டா குணமாயிருங்க. மத்தவங்களுக்கும் பரவாது. ஆனா போன உணர்ச்சி திரும்பி வரும்னு நான் சொல்லமாட்டனுங்க" என்றார். ஸ்டெல்லாவையும் சோதித்தார். அவளுக்கு ஒன்றுமில்லை.

மலை ஊரில் எதையும் ஒளிக்க முடியாது. மாதாமாதம் பஸ் ஏறிச் சேலம் போனால் எதற்கென்று கேட்பார்கள். சிறுநீரகக் கல் என்று சொல்லிவைத்தோம். மாத்திரையால் தோல் கறுத்தது (மருந்தின் பக்க விளைவு, நிறுத்திய பிறகு மெல்ல மாறும்). தெரிந்தவர் எதிரே வந்தால் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். ஆபீஸ், வீடு, மறுபடி ஆபீஸ். பரவாது என்று டாக்டர் சொல்லியும், நானாகவே தட்டையும் பாயையும் தனியாக வைத்துக்கொண்டேன். பல மாதங்கள் அவளைத் தொடவில்லை. அவளுக்கு நல்லது செய்வதாக நினைப்பு.

ஒருநாள் சாப்பாட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஸ்டெல்லா சொன்னாள்: "நோவு உங்களுக்கு. ஊட்டுக்குள்ள எனக்கு எதுக்குங்க ஜெயிலு?"

அவளே கதவைச் சாத்தி, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டு, என் சட்டைக் கையை மடக்கினாள். விரலிலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வந்தாள். "இங்க? இங்க?" மணிக்கட்டைத் தாண்டியதும் தெரிந்தது. அவள் விரல் சில்லென்று இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து முன்கையால் ஆடப் பழகினோம். உள்ளங்கைக்குப் பதிலாக முன்கையை அவள் முதுகில் பதித்தேன். அப்படிப் பிடித்தால் நெஞ்சும் நெஞ்சும் ஒட்டித்தான் நிற்க வேண்டும். அவள் மூச்சிழுப்பது முன்கையில் தெரியும். திரும்பப் போகிறாள் என்பது அதிலிருந்தே புரியும்.

மருந்துக் காலம் முடிந்து, கிருமி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு அதே ஹாலுக்குப் போனோம். பாதிப் பாட்டில் ஜோடி மாற்றுவது அங்கே வழக்கம். எல்லோரும் மாறினார்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணை இப்படி அணைத்துப் பிடிக்க முடியாது, வெறும் கையால் ஆடினால் கை காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டெல்லா என்னை விடவில்லை. "எங்க ஊட்டுக்காரர் யாருகிட்டயும் உடமாட்டாருங்க" என்று சிரித்தாள். பாடற்குழு அம்மா ஒருவர், "இந்த வயசுல இதென்னங்க கூத்து" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கங்கெட்ட ஜோடி என்ற பெயர் எங்களுக்கு நிலைத்தது. நோய்க்காரன் என்ற பெயருக்கு அது எவ்வளவோ மேல்.

இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்கிறேன். குணமானேன், விடுதலை கிடைக்கவில்லை. உலகத்தில் ஒரே ஒருத்தியோடு மட்டும்தான் என்னால் ஆட முடியும். அவளும் என்னிடம் மாட்டிக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. என் உடம்பு இப்போது மணிக்கட்டோடு முடிகிறது. அதற்கு அப்பால் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் என்னுடையது என்று நம்புகிறேன். டம்ளரை எடுக்கவும் பார்க்க வேண்டும், வைக்கவும் பார்க்க வேண்டும். எல்லாமே தாமதமாகிறது.

ஆடும்போது மட்டும் பார்க்க வழியில்லை, கை அவளுக்குப் பின்னால் இருக்கிறது. ஜோடி மாறாமல் ஆடிய அன்று ஹாலில் அவள் கேட்டாள்.

"கை எங்க இருக்குதுன்னு தெரியுதுங்களா?"

"தெரியல, ஸ்டெல்லா."

"என் முதுகுலதான் இருக்குதுங்க. எடுத்துறாதீங்க."

அவள் சொன்னதை நம்பி அடுத்த அடியை எடுத்து வைத்தேன்.